ஹெம்ராஜ் இன்னும் அவுட்டாகவில்லை

எங்கள் வெல்கம் ஹால் ஊரில் முன்பெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், "ஹெம்ராஜ் முதலாளியா? அவர் இன்னும் அவுட்டாகலையே!" என்று. சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அது கேலியும் இல்லை, வெறும் மரியாதையும் இல்லை, இரண்டும் கலந்த ஒன்று. அந்தச் சிரிப்பு அவரை எங்கே போய்த் தைத்தது என்று எனக்குத் தெரியும். மைதானத்துச் சமையல் கொட்டகையில் வாத்துக்கறியும் பருப்புப் பூரியும் செய்து போட்டுக்கொண்டிருந்தவள் நான். பெவிலியனில் பேச முடியாததை எல்லாம் ஆண்கள் அடுப்படிக்கு வந்துதான் பேசுவார்கள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு வாய் திறக்கும், செல்லங்களே. அப்படித் திறந்த வாயிலிருந்து விழுந்ததைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

ஹெம்ராஜ் சுக்தேவ் இளவயதில் எங்கள் மாவட்டமான பெர்பீஸ் கவுண்டிக்கு முதலில் இறங்கி ஆடினவர். ஒல்லியாக, நெட்டையாக இருப்பார். எவ்வளவு வேகமாக வந்த பந்தும் அவர் மட்டையில் பட்டதும் சாதுவாகி, வீட்டு நாய் மாதிரி அவர் காலடியில் படுத்துக்கொள்ளும். அந்த வித்தையை அவருக்குக் கொடுத்தவன் கத்பர்ட் அடோனிஸ். எங்கள் ஊர் மீன்காரர் மகன், வேகப்பந்து போடுகிறவன். ஒருவர் நெல்காரர் வீட்டு இந்தியப் பிள்ளை, மற்றவன் மீன்காரர் வீட்டுக் கறுப்புப் பிள்ளை. தேர்தல் வந்தால் ஊரே இரண்டாகப் பிரிந்து நின்று முறைத்துக்கொள்ளும். அப்போதும் இவர்கள் இருவரும் சாயங்காலமானால் இருபத்திரண்டு கஜம் தள்ளி எதிரெதிரே நிற்பார்கள், மைதானத்து நாவல் மரத்தடியில். வெளிச்சம் போகும்வரை அவன் போடுவான், இவர் தடுப்பார்.

கத்பர்ட்டின் பந்தை விடப் பெரியது அவன் குரல். அவுட் கேட்டு அவன் திரும்பி "ஹவ்ஸாட்!" என்று கத்தினால், நாவல் மரத்திலிருந்த கிஸ்கடிக் குருவிகள் மொத்தமாக எழும்பிப் பறக்கும். கடல் சுவருக்கு அந்தப் பக்கம் வலை இழுத்துக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். "யாரோ ஒருத்தன் ஒழிஞ்சான்" என்று சொல்லிவிட்டு மறுபடி வலையை இழுப்பார்கள்.

அப்புறம் அந்த ஆட்டம் வந்தது. பக்கத்துக் கவுண்டி டெமராராக்காரர்களோடு ஆட்டம், எங்கள் மைதானத்தில். கடல் தாண்டித் தீவுகளிலிருந்து, பெரிய அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர்கள் வந்து பெவிலியனில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு ஹெம்ராஜ் ஆடினதைப் போல நான் யாரும் ஆடிப் பார்த்ததில்லை. தேநீர் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அவர்களுடைய நெல் மில்லிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வேகமாக வந்து, எல்லைக் கோட்டில் நின்று கையை ஆட்டினான். ஹெம்ராஜின் அப்பா நெல் களத்திலேயே மயங்கி விழுந்துவிட்டார், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஹெம்ராஜ் ஓவரின் நடுவிலேயே நடந்து வெளியே வந்தார். அம்பயரிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "வந்துடறேன்."

வரவில்லை. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். அது அறுவடைக் காலம். மில் வாசலிலிருந்து பெரிய சாலைவரை நெல் லாரிகள் நிற்கின்றன. நெல்லைக் காயப்போடாமல் வைத்தால் சூடேறிக் கெட்டுப்போகும். மூத்த பிள்ளை அவர்தான். கருமாதி முடித்த கையோடு காலில் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு மில்லுக்குள் போனவருக்கு, அப்புறம் மட்டையைத் தொட நேரமே இல்லாமல் போயிற்று. ஆட்டக் கணக்கில் அவர் பெயருக்கு நேரே 'விலகினார், அவுட்டில்லை' என்று எழுதினார்கள். காயமோ துக்கமோ வந்து ஒருவன் விலகினால் அப்படித்தான் எழுதுவார்கள். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து ஆடலாம் என்று அர்த்தம்.

மில் வேலை அவருக்கு முதலில் ஒன்றும் தெரியாது. நெல்லைப் பல்லில் கடித்து, டக்கென்று உடைகிறதா, மசிகிறதா என்று பார்த்து ஈரம் சொல்லக்கூடத் தெரியாது. கற்றுக்கொண்டார். புதிய உலர்த்தும் எந்திரம் வாங்கினார். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்தார். அரிசி மூட்டைகளைக் கப்பலேற்றித் தீவுகளுக்கு அனுப்பினார். தான் ஆடப் போயிருக்க வேண்டிய தீவுகளுக்கு அவருடைய அரிசி போய்ச் சேர்ந்தது. இதை ஒருநாள் அவரே சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கத்பர்ட் ஒன்றிரண்டு வருஷம் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தான். நாவல் மரத்தடியில் எதிரே யாரும் இல்லாமல், ஒற்றை ஸ்டம்பை நட்டுவைத்துப் போடுவான். பிறகு நியூயார்க்குக்குப் போய்விட்டான். எங்கள் ஊரில் பாதிப்பேர் அங்கேதான். அவன் போனதிலே என்ன அதிசயம்? முப்பது வருஷத்துக்கு மேல் திரும்பி வரவில்லை, அதுதான்.

ஹெம்ராஜ் மைதானத்துக்குத் திரும்பி வந்தது ஓர் உருளையால். ஆடுகளத்தைச் சமன்படுத்தும் இரும்பு உருளையின் அச்சு முறிந்துபோய்க் கிடந்தது. கிளப்காரர்கள் மில்லுக்குப் போய்க் கேட்டார்கள். அவர் மெக்கானிக்கை அனுப்பிச் சரிசெய்து கொடுத்தார். அடுத்த மாதம் பிள்ளைகளை ஆட்டத்துக்குக் கூட்டிப்போக வண்டி கேட்டார்கள். கொடுத்தார். அதற்கடுத்து மழைக்கு மூடும் தார்ப்பாய். இப்படிக் கேட்கக் கேட்கக் கொடுத்தவரைக் கடைசியில் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். முதலில் கமிட்டி, பிறகு துணைத் தலைவர், பிறகு கவுண்டி கிரிக்கெட் வாரியத்துக்கே பிரசிடென்ட். பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் நடத்தினார். தண்ணீர் தேங்கின மைதானங்களுக்கு வடிகால் வெட்டினார். பெண்பிள்ளைகளுக்கு அணி உண்டாக்கினார். தேர்வுக் குழு கூடும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். "யார் ஆடணும்னு நீங்க சொல்லுங்க. அவங்க எதுல போகணும், என்ன சாப்பிடணும்னு நான் பார்த்துக்கறேன்" என்பார்.

வாரிய அலுவலகம் பெவிலியன் மாடியில் இருக்கிறது. மைதானம் முழுக்கத் தெரிகிற பெரிய ஜன்னல். அவர் மேஜையை எப்படிப் போட்டிருந்தார் தெரியுமா? ஜன்னலுக்கு முதுகைக் காட்டி. "எதிர்ல பார்த்துக்கிட்டு உட்கார்ந்தா ஒரு கையெழுத்துக்கூடப் போட முடியாது, ருக்மின்" என்றார். ஆனால் காதைத் திருப்பி வைக்க முடியுமா? நான் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன். கீழே யாரோ பந்தை அடிக்கும் சத்தம் கேட்டால் பேனா நிற்கும். திரும்பிப் பார்க்காமலே, "நடு மட்டை" என்பார். இன்னொன்று கேட்கும். "ஓரம். தப்பிச்சான்" என்பார். போனில் அமைச்சகத்து ஆளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே இடது முழங்கை, மட்டை பிடித்தது போல, தானாக உயரும்.

வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டாம் போக அறுவடை முடிந்த அக்டோபரில், 'பிரசிடென்ட் ஞாயிறு' என்று ஓர் ஆட்டம் வைப்பார்கள். அவர் அணியும் ஊர் அணியும் மோதும். வருஷம் முழுக்க அந்த ஒருநாளுக்காகத்தான் அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பார். சனிக்கிழமையே கால் பேடுகளுக்கு வெள்ளை பூசி வெயிலில் வைத்துவிடுவார்.

ஆனால் அங்கே நடப்பது ஆட்டமா? அவர் மட்டை பிடித்ததும் ஊர்க்காரர்கள் குழந்தைக்கு எறிவது போலப் பந்தை எறிவார்கள். தூக்கி அடித்தால் பிடிக்கிறவன் கையில் எண்ணெய் தடவினது போலப் பந்து நழுவும். காலில் பட்டாலும் அம்பயர் புத்ராம் வானத்தைப் பார்ப்பான். புத்ராம் நெல் விவசாயி, ஹெம்ராஜ் மில்லுக்குத்தான் லாரி அனுப்புகிறவன். ஒரு வருஷம் ஊருக்குப் புதிதாக வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர், விஷயம் தெரியாமல், நேராக ஒன்றைப் போட்டு ஹெம்ராஜின் நடு ஸ்டம்பைச் சாய்த்துவிட்டார். ஸ்டம்ப் தரையில் விழுந்து உருண்ட பிறகு புத்ராம் கையை நீட்டி "நோ-பால்!" என்றான்.

"டேய், ஸ்டம்ப் விழுந்தப்புறமா நோ-பால் சொல்லுவ?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான் என்ன பண்றது, கை தானா நீண்டுடுச்சு" என்றான் புத்ராம்.

மைதானமே சிரித்தது. ஹெம்ராஜ் சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் அடுப்படிக்கு வந்து பலகையில் உட்கார்ந்தார். பேடைக்கூடக் கழற்றவில்லை.

"ருக்மின், நான் என்ன கண்ணாடித் தம்ளரா? தொட்டா உடைஞ்சிடுவேனா?"

"நீங்க நெல்லு வாங்கறவரு, அண்ணே. உங்க ஸ்டம்பைச் சாய்ச்சுப்புட்டு அவன் லாரியை எந்த வாசல்ல கொண்டுபோய் நிறுத்துவான்?"

"அதைப் பார்த்து நான் என்னைக்காவது விலை வச்சிருக்கேனா?"

"வைக்கல. வைக்கமாட்டீங்கன்னு அவனுக்கும் தெரியும். ஆனாலும் வரிசையில நிக்கறவனுக்கு ஒரு பயம். மக பேரு தேர்வுல வரணும்னு நினைக்கறவனுக்கு இன்னொரு பயம். பாவம், அவங்க பயத்தை அவங்க தின்னுட்டுப் போறாங்க. நீங்க இந்தக் கறியைத் தின்னுங்க."

அவர் தட்டைத் தொடவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனேன். அந்த ஆட்டம் அப்படியே நிக்குது, ருக்மின். தூங்கும்போதும் பேடோடதான் தூங்கறேன். ஒரே ஒரு பந்து. யாராவது ஒருத்தன் என்னை ஒழிக்கணும்னு நினைச்சு ஓடிவந்து போடற பந்து. அதுல நான் போயிட்டா நிம்மதியா வந்து உட்காருவேன். இந்த ஊர்ல அதைப் போட ஒருத்தன் இல்லை."

பிறகு, மிக மெதுவாக, "இருந்தான் ஒருத்தன்" என்றார்.

அந்த ஒருத்தன் வந்தான், கண்ணுகளா. போன வருஷத்துக்கு முந்தின அக்டோபரில், தன் அக்கா எலோய்ஸ் வீட்டுக் கல்யாணத்துக்காகக் கத்பர்ட் நியூயார்க்கிலிருந்து வந்தான். திங்கட்கிழமை திரும்பிப் போக விமானம். நடுவில் பிரசிடென்ட் ஞாயிறு. செய்தி கேட்ட அன்றைக்கே ஹெம்ராஜ் மில்லில் ஒரு நெல்லைக் கடித்துவிட்டு ஈரம் சொல்ல மறந்து நின்றாராம். விவசாயிகள் பயந்துபோனார்கள்.

சனிக்கிழமை நான் வாத்து வெட்டிக்கொண்டிருக்கிறேன். கொட்டகை வாசலில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய உருவம்.

"ஏ ருக்மின்! நீ இன்னும் சாகலையா?"

குரல் மாறவே இல்லை. தலை பஞ்சாகியிருந்தது, வயிறு முன்னால் வந்திருந்தது, குரல் மட்டும் அப்படியே.

"எமன் வந்தான். வாத்துக்கறி போட்டேன். தின்னுட்டு வந்த வேலையை மறந்துட்டுப் போயிட்டான்" என்றேன்.

அவன் சிரித்த சிரிப்பில் பாத்திரங்கள் அதிர்ந்தன. கொட்டகைக்கு மூன்று படிதான். அதில் அவன் பக்கவாட்டாகத் திரும்பி, கம்பத்தைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மறு காலை அதன் பக்கத்தில் இழுத்து வைத்து இறங்கினான். நான் பார்த்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"முழங்காலா?" என்றேன்.

"ஒண்ணு இரும்பு. இன்னொண்ணு வெறும் வலி. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல கொதிகலன் அறைப் படி ஏறி இறங்கித் தேஞ்சது." பலகையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான். "ஹெம்மிகிட்ட சொல்லாத."

"நாளைக்கு எப்படிப் போடுவ?"

"ஒரு ஓவர்தானே, எப்படியோ போட்டுடுவேன். இங்க பாரு ருக்மின், அவன் நினைப்புல நான் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கேன். நான் போய் அதை நிறுத்தணுமா?"

அதற்குள் ஹெம்ராஜ் வந்துவிட்டார். மாடியிலிருந்து ஓடி வந்தது மூச்சிலே தெரிந்தது. வாசலில் வந்து அப்படியே நின்றார்.

"ஹெம்மி!" என்றான் கத்பர்ட்.

அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட ஊரில் ஆள் இல்லாமல் எத்தனை காலம்! முதலாளி, சார், பிரசிடென்ட், அண்ணே, மாமா, எல்லாம் உண்டு. ஹெம்மி மட்டும் இல்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம் நறுக்கியிருக்கியா ருக்மின்?" என்று என்னிடம் எரிந்து விழுந்தார்.

"பிரசிடென்டாமே நீ! கொடி வச்ச காரு எங்க?"

"அதுல நெல்லு மூட்டை ஏத்திட்டேன். நீ என்னடா இப்படி உப்பியிருக்க? மைதானத்தை உருட்ட ஆளு தேடிக்கிட்டிருந்தேன், நீயே படுத்து உருளலாம்."

"உருண்டாலும் உன் ஸ்டம்ப் மேலதான் உருளுவேன்."

இருவரும் சிறுபிள்ளைகளைப் போலத் தோளில் அடித்துக்கொண்டார்கள். அப்புறம் ஹெம்ராஜின் முகம் மாறியது. கத்பர்ட்டைச் சுருக்கி அவர் 'கத்தி' என்றுதான் கூப்பிடுவார். "கத்தி, நாளைக்கு எனக்கு நீ நிஜமாப் போடணும். சத்தியம் பண்ணு. இங்க எவனும் எனக்குப் பந்து போடறதில்லை. பூ போடறானுங்க."

"தலையை உடைச்சுக்கணும்னா கல்லுல முட்டிக்கோயேன், என் கையை எதுக்கு அழுக்காக்கற?"

"சத்தியம் பண்ணுடா."

கத்பர்ட் என்னைப் பார்த்தான். நான் வாத்தைப் பார்த்தேன். "சரி" என்றான் அவன். "என்கிட்ட இருக்கறது எல்லாத்தையும் போடறேன். சத்தியம்."

அவன் போனபிறகு, சும்மா இருக்க முடியாத ஒருத்தி, என் கூட வேலை செய்யும் மீனாவதி, ஹெம்ராஜ் காதில் விழும்படி ஒன்றைச் சொல்லிவைத்தாள்: "அவங்க அக்கா பேத்தி ஜெனெல் இருக்கே, இடதுகை சுழல் போடற பொண்ணு, அது பேரு கவுண்டித் தேர்வுல இருக்காம். புதன்கிழமை முடிவு சொல்றாங்களாம்." அது ஹெம்ராஜுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஞாயிறு பதினொரு மணி. கடற்காற்று நல்ல வேகம். ஊரே வந்திருந்தது. பழைய ஆட்கள் நாற்காலி தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஹெம்ராஜ் இறங்கினார். முதல் ஓவரில் யாரோ வழக்கம்போலப் பூ போட்டார்கள், அவர் தட்டிவைத்து, கடைசிப் பந்தில் மட்டும் ஓர் ஓட்டம் எடுத்து எதிர் முனைக்குப் போனார். அடுத்த ஓவருக்குப் பந்து கத்பர்ட் கைக்குப் போனது.

அவன் பின்னால் நடந்தான். நடந்தான், நடந்துகொண்டே இருந்தான், பழைய இடம்வரை, எல்லைக் கோட்டோரம் நிற்கும் கறுப்புத் திரைக்குப் பக்கம்வரை. மைதானம் அடங்கியது. இவ்வளவு தூரத்திலிருந்து எப்படி ஓடுவான்?

ஓடினான். தூரத்திலிருந்து பார்த்தால் அதே ஓட்டம்தான், தோள் அதேபோல, தலை அதேபோல. கிட்ட வரவர அது ஓட்டமாக இல்லாமல் போயிற்று. கையைச் சுழற்றினான். பந்து மிதந்து வந்து, குத்தி, மெதுவாக எழும்பியது. ஹெம்ராஜ் தடுத்தார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

கத்பர்ட் மறுபடி அத்தனை தூரம் நடந்தான். இரண்டாவது பந்து, அதே மாதிரி. கீப்பர் லெனக்ஸ் முதல் பந்துக்குப் பிறகே முன்னால் வந்து ஸ்டம்புக்கு ஒட்டி நின்றுகொண்டான், சுழல் போடுகிறவர்களுக்கு நிற்பதைப் போல. மூன்றாவதும் வந்து விழுந்தபோது ஹெம்ராஜ் அதைத் தொடவே இல்லை. மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆடுகளத்தின் நடுவில் நேராக நடந்து போனார். கொட்டகை அந்த முனையில்தான் இருக்கிறது. எல்லாம் என் காதில் விழுந்தது.

"நீயுமா கத்தி?"

"என்ன?"

"சத்தியம் பண்ணியேடா. ஜெனெலுக்காகவா? அந்தப் பொண்ணு பேரு அதுபாட்டுக்கு வரும். அது நல்லாப் போடுது. அதுக்காக நீ எனக்கு முன்னால குனியணுமா? ஊரு குனியட்டும், நீ குனியலாமா?"

கத்பர்ட் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு வழியாகச் சொட்டியது. குனிந்து, கால்சட்டையின் ஒரு காலை முழங்காலுக்கு மேலே சுருட்டினான். நீளமான தழும்பு, தையல் போட்ட நெல் மூட்டையின் வாய் மாதிரி.

"நான் குனியலடா, ஹெம்மி" என்றான். "அதான் என் வேகம். அவ்வளவுதான் இருக்கு. எல்லாத்தையும்தான் போட்டுக்கிட்டிருக்கேன்."

ஹெம்ராஜ் அந்தக் காலைப் பார்த்தார். பிறகு கறுப்புத் திரைவரை போகும் அந்தத் தூரத்தைப் பார்த்தார். அவன் மூன்று தடவை நடந்து போய் ஓடி வந்த தூரம். குனிந்து, தன் கையாலேயே அவனுடைய கால்சட்டையைக் கீழே இறக்கிவிட்டார். பிரசிடென்ட் அப்படி முட்டிபோட்டதை ஊரே பார்த்தது.

திரும்பி வந்தார். வந்து, அப்போதுதான் இறங்கினவரைப் போல, அம்பயர் புத்ராமிடம் மறுபடி நடு ஸ்டம்புக்கு அடையாளம் கேட்டார். காலால் கோடு கிழித்தார். பிறகு பின்னால் பார்த்து லெனக்ஸிடம் சொன்னார்:

"எங்கடா நிக்கற நீ?"

"இங்கதான் சார்…"

"பந்து போடறது கத்பர்ட் அடோனிஸ். பின்னால போ."

"சார், பந்து அவ்வளவு தூரம் வராது…"

"பின்னால போடா! ஸ்லிப்ல ரெண்டு பேர் நில்லுங்க. வேகப்பந்துக்கு நிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

லெனக்ஸ் போனான். பதினைந்து கஜம் போய்த் திரும்பிப் பார்த்தான். "இன்னும்" என்று கையைக் காட்டினார். எல்லைக் கோட்டுக்குப் பாதி தூரத்தில், பழைய கீப்பர்கள் நின்ற இடத்தில் போய் நின்றான். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பழைய ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கத்பர்ட் திரைக்குப் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தான். பந்தைக் கால்சட்டையில் இரண்டு தேய் தேய்த்தான்.

நாலாவது பந்து. செல்லங்களே, அவன் எப்படி ஓடினான் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டேன். பந்து வந்தது. ஹெம்ராஜின் இடது கால் முன்னால் போனது, முழங்கை உயர்ந்தது, மட்டை நேராக இறங்கியது. அந்தக் காலத்துக் கத்பர்ட்டின் பந்தாக இருந்திருந்தால் சரியாக நடு மட்டையில் பட்டிருக்கும். ஆனால் பந்து அப்போது இன்னும் வந்து சேரவில்லை. மட்டை போய் முடிந்த பிறகுதான் அது நிதானமாக வந்தது. மட்டைக்கும் பேடுக்கும் நடுவே நுழைந்து, ஸ்டம்பின் தோளைத் தொட்டது. ஸ்டம்புகளின் மேலிருந்த பெயில் கட்டைகளில் ஒன்று மட்டும் தயங்கித் தயங்கிக் கீழே விழுந்தது.

சத்தமே இல்லை.

தூரத்திலிருந்து லெனக்ஸ் ஓடிவந்தான். "காத்து சார்! காத்துதான் தட்டிடுச்சு!"

ஸ்லிப்பில் நின்றவன், "ஆமாமா, இன்னைக்குக் கடல் காத்து ரொம்ப ஜாஸ்தி" என்றான்.

புத்ராம் வானத்தைப் பார்த்தான்.

இந்த ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. எவ்வளவு பட்டவர்த்தனமான அவுட்டாக இருந்தாலும், யாராவது வாய் திறந்து கேட்டால்தான் அம்பயர் கொடுக்கலாம். எங்கள் ஊரில் ஹெம்ராஜுக்கு எதிராக யாரும் கேட்டதே இல்லை. கேட்கவேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் வராது, பழக்கம் அப்படி. அவர் தானாக வெளியே நடந்திருக்கலாம், சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் தானாக நடந்தால் அது முதலாளியின் பெருந்தன்மை ஆகிவிடும். மறுநாள் மில் வாசலில் அதைப் புகழ்ந்து பேசுவார்கள். அவர் அசையவில்லை. மட்டையை ஊன்றிக்கொண்டு கத்பர்ட்டை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். கேளேன்டா, கேளேன்டா என்று கெஞ்சுகிற பார்வை.

கத்பர்ட் இரண்டு கைகளையும் முழங்கால்களில் ஊன்றிக் குனிந்து நின்றான். முதுகு ஏறி இறங்கியது. பேசவே மூச்சில்லை. லெனக்ஸ் கீழே விழுந்த பெயிலை எடுத்து மறுபடி ஸ்டம்பின் மேல் வைக்கக் கை நீட்டினான்.

அப்போது கத்பர்ட் நிமிர்ந்தான். புத்ராம் பக்கம் திரும்பினான். இரண்டு கைகளையும் விரித்தான்.

"ஹவ்ஸாட்!"

நாவல் மரத்துக் கிஸ்கடிகள் மொத்தமாக எழும்பின. லெனக்ஸின் கையிலிருந்து பெயில் நழுவியது. அடுப்பில் என் கரண்டி நின்றது. கடல் சுவர்ப் பக்கம் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் வயதான ஒருவர் அன்று சாயங்காலம் வந்து கேட்டார், "யாரு ஒழிஞ்சது?" என்று.

புத்ராமின் விரல் எழுந்தது. தானாக எழுந்ததா, பயத்தில் எழுந்ததா தெரியாது. நடுங்கிக்கொண்டு எழுந்தது, ஆனால் முழுசாக எழுந்தது.

ஹெம்ராஜ் ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டு நடந்தார். யாரும் கைதட்டவில்லை. தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பெவிலியனுக்குப் போகவில்லை, நேராக என் கொட்டகைக்கு வந்தார். பலகையில் உட்கார்ந்து மட்டையால் பேடில் ஓர் அடி அடித்தார்.

"சீக்கிரம் வந்துட்டேன், ருக்மின்! ரொம்பச் சீக்கிரம்! பொறுத்திருக்கணும். அறிவிருக்கா எனக்கு? அவன் கையை விட்டதும் பார்த்துட்டேன், அப்புறமும் போய் முந்திக்கிட்டேன் பாரு!"

முகம் சிவந்துபோயிருந்தது. அவ்வளவு கோபமாக, அவ்வளவு அழகாக நான் அவரைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. மோபி பானம் ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார்.

வெளியே கத்பர்ட் ஓவரை முடித்துவிட்டு, லெனக்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லைக் கோட்டுக்கு வந்துகொண்டிருந்தான். இனி அவன் போட மாட்டான். அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. நாளைக்கு இந்நேரம் விமானத்தில் இருப்பான்.

ஹெம்ராஜ் காலித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேடைக் கழட்டுங்க அண்ணே, சாப்பிடலாம்" என்றேன்.

"இரு" என்றார். "இன்னும் ஒரே ஒரு பந்து போட்டிருந்தான்னா, அதை நான் ஆடியிருப்பேன்."